இன்னொரு போர் போடும் முன் ஒரு கணக்கு

கோடை தொடங்கியதும் எங்களுக்கு வரும் மனுக்களில் போர் போட உதவி கேட்பவை அதிகம். நகையை அடகு வைத்துப் போட்ட போர் ஓய்ந்துபோய், இரண்டாவதற்குக் கடன் தேடுகிறவர்களும் அவர்களில் உண்டு. இதே வீடுகளில் சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிலத்தடி நீர் அவர்களுக்கு ஒரு பாடம். அதைத் தேர்வோடு விட்டுவிடாமல், வீட்டுப் போரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

உடுமலை வட்டாரத்தில் நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் கடும்பாறை. இதற்குள் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுவதில்லை. மேலே உளுத்துப்போன பாறையிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. வெடிப்பில் பட்டால் தண்ணீர், படாவிட்டால் புழுதி. பக்கத்து வீட்டில் 300 அடியில் கிடைத்தது நம் வீட்டில் 800 அடியிலும் கிடைக்காமல் போவது இதனால்தான். ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாகக் குறையும், இறுகும். எனவே "இன்னும் 200 அடி ஓட்டிப் பார்க்கலாம்" என்பதற்கு உடனே தலையாட்ட வேண்டியதில்லை. தேங்காய் வைத்துப் பார்ப்பவர்களோடு நாங்கள் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் எத்தனை லிட்டர் வரும் என்று தேங்காய் சொல்லாது.

அதைக் கணக்கு சொல்லும். ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடிக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். நினைவில் வைக்க எளிது. நீர்மட்டம் 200 அடியில், மோட்டார் 400 அடியில் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் இறைக்கிறது, ஒரு மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. (அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் கருகும்.) வெளியே வந்தது 2,400 லிட்டர். அதில் குழிக்குள் ஏற்கெனவே நின்றது 200 அடிக்கு 1,300 லிட்டர். மீதி 1,100 லிட்டர்தான் அந்த ஒரு மணி நேரத்தில் பாறை தந்தது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர்.

வீட்டுக்காரர் "போர் வறண்டுவிட்டது" என்பார். வறளவில்லை. ஆளுக்கு 135 லிட்டர் என்றாலும் ஐந்து பேருக்கு நாளைக்கு 675 லிட்டர்தான் தேவை. மோட்டார்தான் பாறையின் வரத்தை மிஞ்சி இழுக்கிறது. அந்த வீட்டுக்கு வேண்டியது மெதுவாக இறைக்கும் சின்ன மோட்டாரும் ஒரு தொட்டியும். இன்னொரு போர் அல்ல. இந்தச் சோதனையை மே மாதத்தில் செய்வது நல்லது. மழைக்காலத்து எண் ஏமாற்றும்.

இறைப்பை அளக்க ஒரு வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். மோட்டார் எத்தனை அடியில் இருக்கிறது, நீர்மட்டம் எவ்வளவு என்பதை மோட்டார் இறக்கியவரிடம் கேட்கலாம். பயன்படாத போரில் கயிறு விட்டு அளப்பவர்கள் அளந்ததும் மூடியை இறுக்கிவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தோட்டத்தில் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு பயிற்சி. திருமூர்த்தி அணையிலிருந்து பி.ஏ.பி. தண்ணீர் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்து விடப்படுகிறது. வாரம் ஒருமுறை கிணற்று மட்டத்தை அளந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளையும் மழை பெய்த நாளையும் அதே நோட்டில் குறியுங்கள். கிணறு எதனால் ஏறுகிறது என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

கூரையையும் கணக்கில் சேர்க்கலாம். 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 600 மி.மீ. மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 44,000 லிட்டர் சேரும். அந்த ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

இதில் ஆர்வம் பிடித்தால் எம்.எஸ்ஸி. நிலவியல் படிக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானி பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது.

போர் உதவி கேட்டு எழுதுவோர் நீர்மட்டம், மோட்டார் ஆழம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடத்தில் காற்று இழுக்கிறது என்ற நான்கு எண்களையும் மனுவோடு இணைத்துத் தாருங்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் எண்களை மட்டும் எழுதினால் போதும், நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.