ஆம்ப்புக்குத் தகுந்த ஸ்பீக்கர்

ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஜோடி சேர்க்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: ஸ்பீக்கரின் ஓம்ஸ், அதன் சென்சிடிவிட்டி, ஆம்ப் உண்மையில் தரக்கூடிய வாட்ஸ். கடையில் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான் கேட்கிறார்கள். அதையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்தே நம்பிவிடுகிறார்கள். செங்கல்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரிப் பக்கம் பத்து இருபதாயிரம் ரூபாயில் வீட்டுக்குள் தியேட்டர் அமைக்க நினைப்பவருக்குச் சென்னை ரிச்சி தெரு ஒரு மின்சார ரயில் பயணத் தொலைவுதான். போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட், ஸ்பீக்கர் என்று தனித்தனியாக அங்கே வாங்கி வந்து, உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து அசெம்பிள் செய்துகொள்வது டேப் ரெக்கார்டர் காலத்துப் பழக்கம். கம்பெனி செட் வாங்கினால் பொருத்தம் பார்ப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

முதலில் ஓம்ஸ். ஸ்பீக்கரின் காயில் (கம்பிச்சுருள்) மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை அது. ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து இழுக்கப்படும் கரண்ட் கூடும். அதே வால்யூமில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இழுப்பதைப் போல் இரு மடங்கை 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் இழுக்கும். ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும் எண்ணும் நிலையானதல்ல. பாட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தடை மாறிக்கொண்டே இருக்கும். ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரநிலை, குறித்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே தடை இறங்கக் கூடாது என்கிறது. அதன்படி 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6.4 வரை இறங்கலாம். எல்லாப் பெட்டிகளும் இந்த வரம்பை மதிப்பதில்லை.

லேபிள் உரிந்துபோன பழைய ஸ்பீக்கரானால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் தடையை மட்டும் என்பதால் எண் கொஞ்சம் குறைவாகவே வரும். ஆறரைக்குப் பக்கமாகக் காட்டினால் 8 ஓம்ஸ், மூன்று மூன்றரை காட்டினால் 4 ஓம்ஸ் என்று கொள்ளலாம்.

ஆம்ப்பின் பின்புறம் '6 - 16 ஓம்ஸ்' என்று போட்டிருந்தால் 6-க்குக் குறைந்த எதையும் அதில் மாட்டக் கூடாது. பலர் சறுக்குவது, சத்தம் போதவில்லை என்று ஒரே சேனலில் இரண்டாவது ஜோடியையும் சேர்க்கும்போதுதான். இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்களைப் பேரலலாக இணைத்தால் ஆம்ப்புக்குத் தெரிவது 4 ஓம்ஸ். இரண்டு 4 ஓம்ஸை இணைத்தால் 2 ஓம்ஸ். கொஞ்ச நேரத்தில் ஹீட் சிங்க் கைவைக்க முடியாமல் கொதிக்கும், பிறகு ஐசி போகும். கம்பெனி ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த சின்ன ஸ்பீக்கர்களிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றில் பல 3, 4 ஓம்ஸ். அந்த செட்டின் ஆம்ப்புக்கென்றே செய்யப்பட்டவை. செட் பழுதானதும் அவற்றைக் கழற்றிப் புது ஏவி ரிசீவரில் மாட்டுவது சிக்கனமாகத் தெரியும். ஆனால் 6 ஓம்ஸுக்குக் கீழே ஏற்காத ரிசீவர், காட்சியில் சண்டை சூடுபிடிக்கும்போது தானாக அணைந்துவிடும்.

மாமல்லபுரம், கோவளம் கடற்கரைச் சாலையோரம் இன்னொரு வகை குழப்பத்துக்கும் இடமுண்டு. தங்கும் விடுதிகள், உணவகங்கள், மண்டபங்கள், கோயில்களில் நீள வயர் இழுத்து மாட்டப்படும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் வகை. ஒவ்வொரு ஸ்பீக்கரோடும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இடத்தைப் புதுப்பிக்கும்போது கழற்றப்படும் இவை செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மரின் 20 வாட்ஸ் முனையில் (டேப்) வைத்த அத்தகைய ஸ்பீக்கர் ஆம்ப்புக்கு 500 ஓம்ஸாகத் தெரியும். வீட்டு ஆம்ப் 12 வோல்ட் கொடுத்தாலும் அதற்குப் போய்ச் சேர்வது கால் வாட்டுக்குச் சற்று மேல். ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது, சத்தம்தான் வராது. தலைகீழாகச் செய்வது விபரீதம்: சாதாரண 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை மைக் செட் ஆம்ப்பின் 100 வோல்ட் முனையில் கொடுத்தால் கணக்குப்படி 1,250 வாட்ஸ் பாய வேண்டும். அவ்வளவையும் தர ஆம்ப்பால் முடியாது. ஆனால் அது தருவதே காயில் கருகப் போதும். 100 வோல்ட் ஸ்பீக்கரை வீட்டில் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டுக் காயிலுக்கு நேரடியாக வயர் கொடுக்க வேண்டும். ஆனால் இவற்றில் கூம்பு வடிவ ஸ்பீக்கர் அறிவிப்புக்குத்தான் லாயக்கு, சினிமாவுக்கு உதவாது.

அடுத்தது வாட்ஸ். '5,000 வாட்ஸ் பிஎம்பிஓ' போன்ற எண்களுக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. தயாரிப்பாளரின் துணிச்சல்தான் அளவுகோல். அமெரிக்காவில் இந்தக் கூத்து எல்லை மீறியதால்தான் 1974-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம், வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் தொடர் திறனை எத்தனை ஓம்ஸில், எவ்வளவு சிதைவோடு என்று குறிப்பிட்டே விளம்பரம் செய்ய வேண்டும் என விதி கொண்டுவந்தது. இங்கே வாங்குபவர் தேட வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்ற சொல்லையும் அதற்குப் பக்கத்தில் ஓம்ஸையும். ஓம்ஸ் சொல்லாத வாட்ஸுக்கு அர்த்தமில்லை.

அசெம்பிள் செய்த ஆம்ப்பில் லேபிள் பொய் சொல்லலாம், டிரான்ஸ்ஃபார்மர் பொய் சொல்ல முடியாது. சாதாரண 5.1 போர்டுகளோடு கொடுக்கப்படும் 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 120. ஏபி கிளாஸ் ஐசிகளில் ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போய்விடும். ஆக ஆறு சேனலுக்கும் சேர்த்து நீடித்துக் கிடைப்பது 60, 65 வாட்ஸ். இவ்வகைப் போர்டுகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் டிடிஏ2030 ஐசியின் டேட்டாஷீட்டே 4 ஓம்ஸில் 14 வாட்ஸ், 8 ஓம்ஸில் 9 வாட்ஸ் என்றுதான் சொல்கிறது. மாலை நேரத்தில் வோல்டேஜ் 230-லிருந்து 190-க்கு இறங்கினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இந்த எண்களைக் கண்டு சோர்ந்துபோக வேண்டியதில்லை, ஏனென்றால் நடுத்தர வீட்டு ஹாலுக்கு இதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. எவ்வளவு தேவை என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், தொலைவில் இழப்பதையும் இரண்டாவது ஸ்பீக்கராலும் சுவர்களாலும் திரும்பப் பெறுவதையும் சேர்த்து ஒரு வாட்டுக்குச் சுமார் 84 டெசிபல் நிற்கும். சீரியல் வசனம் ஏறக்குறைய 70 டெசிபல். அதற்கு ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும்! குண்டு வெடிக்கும் கணத்தில் 100 டெசிபல் வேண்டுமென்றால் 40 வாட்ஸ் ஆகும். அதே கணத்துக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் கேட்கும். 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸோடு திருப்தியடையும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவர் பெரிய ஆம்ப் தேடுவதைவிட, சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கர் தேடுவது மலிவு. ஒரு எச்சரிக்கை: சிலர் இந்த அளவை 2.83 வோல்ட்டில் எடுத்து அச்சிடுவார்கள். 8 ஓம்ஸுக்கு அது ஒரு வாட். 4 ஓம்ஸுக்கு இரண்டு வாட். எனவே 4 ஓம்ஸ் பெட்டியில் அப்படிப் போட்டிருக்கும் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் தாங்கும் வாட்ஸைவிட ஆம்ப் சற்று அதிகமாக இருந்தால் ஸ்பீக்கர் போய்விடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். வால்யூமைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் கதறவிடுவதுதான் அதைவிட ஆபத்து. சப்ளை வோல்ட்டேஜின் எல்லையை முட்டியதும் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் கீச்சு ஒலிகளின் பங்கு கூடி, முதலில் ட்வீட்டர் காயில் எரியும். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் உடனே குறைத்துவிட வேண்டும்.

இப்போது மலிவில் வரும் டி கிளாஸ் போர்டுகள் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரத்தை ஸ்பீக்கருக்கே அனுப்பக்கூடியவை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 ஐசி, 21 வோல்ட்டில் 4 ஓம்ஸுக்குச் சேனலுக்கு 50 வாட்ஸ் தரும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டரோடு வைத்தால் மாலை நேர லோ வோல்டேஜும் இதைப் பாதிக்காது. பழகிய மெக்கானிக்கும் தடுமாறும் இடம் ஒன்று இதில் உண்டு. இந்த வகை போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை எர்த் அல்ல. வயர் மிச்சப்படுத்த இரண்டு மைனஸ்களைச் சேர்த்து ஒரே வயரில் கொண்டுபோனால் போர்டு போய்விடும்.

சப் ஊஃபருக்குத் தனி ஆம்ப் இருப்பதே நல்லது. அடித்தொனிதான் அதிக வாட்ஸை விழுங்கும்; அதைப் பிரித்துவிட்டால் மற்ற சேனல்களின் பாரம் குறையும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்புக்குத் தள்ளுவது பொது வழக்கம். நான்கு அங்குல சின்னப் பெட்டிகளானால் 100, 120 வரை ஏற்றலாம். காங்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட ஹாலில் இங்கே அறையும் குறுக்கிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர் அளவில் இருப்பதால், 10 அடி அகல அறை 57 ஹெர்ட்ஸில் அதிரும். கூரையும் 10 அடி உயரமானால் அதே தொனி இரட்டிப்பாக வீங்கும். 'சப் ஓவராக அடிக்கிறது' என்று சொல்லப்படுவது பல வீடுகளில் இதுதான். மாமல்லபுரத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்று கருங்கல் பலகையை சப்புக்கு அடியில் போடுவதால் பெட்டி நகராமல் இருக்கும், அறையின் அதிர்வு மாறாது. மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளி வைத்துப் பார்ப்பதுதான் காசில்லாத வைத்தியம்.

சினிமா வியாபாரத்தில் 'செங்கல்பட்டு ஏரியா' தனி விநியோகப் பகுதி. இந்த வட்டாரத்துத் தியேட்டர்களில் 1996-ல் டிடிஎஸ் ஒலியோடு வந்த 'கருப்பு ரோஜா' படத்துக்குப் பிறகு அந்த ஒலி பழக்கமானதும்தான் வீட்டிலும் ஐந்து பக்கச் சத்தம் வேண்டும் என்ற ஆசை பரவியது. அந்த ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். எனவே முன்னால் உள்ள மூன்றும் ஒரே வகை ட்வீட்டர், ஒரே சென்சிடிவிட்டி கொண்டவையாக இருப்பது நல்லது. இல்லையென்றால் திரையில் நடந்துபோகும் ஆளின் குரல் வழியிலேயே மாறும். பின்பக்க ஸ்பீக்கர்கள் சுமாராக இருந்தாலும் குடி முழுகிவிடாது. இன்னொன்று: டிகோடர் இல்லாத மலிவு 5.1 ஆம்ப், டிவியிலிருந்து வரும் இரண்டு சேனலையே ஆறாகப் பிரித்துக் கொடுக்கும். ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ளீடும் டால்பி டிகோடரும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பின்பக்க ஸ்பீக்கருக்கு வயர் சுவரைச் சுற்றி 10 மீட்டர் ஓடும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போகவர அது 0.7 ஓம் தடை. 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இது கணிசமான இழப்பு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மூன்றில் ஒரு பங்குதான் தடை இருக்கும். விலை கூடிய ஆடியோ கேபிள் தேவையில்லை. கடலோரத்தில் உப்புக்காற்று முதலில் தாக்குவது முனைகளைத்தான். ஸ்பிரிங் கிளிப் துருவேறும், செம்பு பச்சை பூக்கும், சேனல் விட்டுவிட்டு வரும். வெள்ளீயம் பூசிய வயரும் திருகு முனைகளும் அங்கே நிலைக்கும். பேப்பர் கோனைவிடப் பாலிபுரொப்பிலீன் கோனும், ஃபோம் விளிம்பைவிட ரப்பர் விளிம்பும், எம்டிஎஃப் பெட்டியைவிட நல்ல பிளைவுட் பெட்டியும் ஈரத்தைத் தாங்கும். கடலிலிருந்து நன்கு உள்ளே தள்ளி இருக்கும் செங்கல்பட்டு நகரத்தில் இவ்வளவு கவலை வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரின் முனைகளில் ஒரு கணம் தொட வேண்டும். பிளஸில் பிளஸ் பட்டால் கோன் முன்னால் துள்ளும். ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் போனால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ட்வீட்டரில் இந்தச் சோதனை கூடாது. பிறகு சோஃபாவில் உட்கார்ந்து, மொபைலில் டெசிபல் ஆப் வைத்து, ஒவ்வொரு சேனலும் ஒரே அளவு காட்டும்படி லெவலைத் திருத்திக்கொள்ளலாம். ஆப்பின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிட அது போதும்.

கையிலுள்ள தொகை ஐந்து நல்ல பெட்டிகளுக்கும் சப்புக்கும் போதாது என்றால் 5.1 என்ற எண்ணுக்காக மட்டமானவற்றை வாங்க வேண்டாம். 88 டெசிபலுக்குக் குறையாத 8 ஓம்ஸ் பெட்டிகள் இரண்டு, சேனலுக்கு 40 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப், தனி ஆம்ப்போடு ஒரு சப் ஆகியவற்றோடு தொடங்கலாம். அதே வரிசையில் நடு ஸ்பீக்கரையும் ஐந்து சேனல் ரிசீவரையும் அடுத்த தீபாவளி போனஸில் சேர்த்துக்கொள்ளலாம்.