மணியின் தட்டில் எவ்வளவு சோறு?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த நான்காம் நாள் எங்கள் மணி படுத்த இடத்தை விட்டு எழவில்லை. ஈறு வெளுத்திருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கியது. கிளினிக்கில் கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் கறிக்குழம்பு போட்டீங்களா?" என்பதுதான்.

போட்டிருந்தோம். மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து மூன்று நாள் வைத்தது பாட்டி. குழம்பில் கரைந்திருந்த வெங்காயம்தான் வினை. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. ஒரே வேளையில் நாயின் எடையில் 0.5 விழுக்காடு வெங்காயம் உள்ளே போனாலே ஆபத்து. 18 கிலோ நாய்க்கு அது 90 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. அறிகுறிகள் உடனே தெரியாது. சில நாள் கழித்தே தெரியும்.

மணி பிழைத்துக்கொண்டான். ஆனால் டாக்டர் அவனைத் தராசில் ஏற்றியபோது இன்னொரு செய்தி வந்தது. 18 கிலோ இருக்க வேண்டியவன் 23 கிலோ இருந்தான்.

ஓட்டம் குறைந்தது, சோறு குறையவில்லை

லுக்குட், லின்சம், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அன்று விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் கிளம்பினால் நாயும் கிளம்பும். பால்மரம் சீவும் நிரையெல்லாம் கூடவே ஓடும். வெயில் ஏறியதும் லயத்துக்குத் திரும்பி, சோறும் மீன் தலையும் தின்னும். ஓடிய ஓட்டத்தில் தின்றது கரைந்துவிடும்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். நாய் கேட்டுக்குள் படுத்திருக்கிறது. தட்டு மட்டும் பழைய அளவிலேயே நிறைகிறது.

பீகிள், பார்டர் கோலி என்று ஆசையாக வாங்கும் இளம் குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான். 'துடிப்பான இன நாய்களுக்கு' என்று பையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரையில் ஓடிவிட்டு மற்ற ஆறு நாளும் ஐந்தடிக்கு வராந்தாவில் கிடக்கும் நாய், எந்த இனமானாலும், துடிப்பான நாய் அல்ல. தட்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது இனத்தின் பெயர் அல்ல. அது வாரம் முழுவதும் செய்யும் வேலை.

கணக்கு மிகச் சுலபம்

நாய் இருக்க வேண்டிய எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். 18 கிலோவுக்கு 610 கலோரி. இது சும்மா படுத்திருந்தாலே செலவாகும் அளவு. கருத்தடை செய்த, மிதமாக நடக்கும் வீட்டு நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 980 கலோரி. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாக ஓடும் நாய்க்கு 2-ஆல் பெருக்கலாம். சுமார் 1,220 வரும்.

100 கிராமுக்கு 350 கலோரி தரும் உலர் உணவு என்றால், முதல் நாய்க்கு நாளுக்கு 280 கிராம், இரண்டாவதற்கு 350 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கண்ணளவு வேண்டாம், சமையல் தராசு போதும். இது தொடக்கக் கணக்குதான். மூன்று வாரம் கழித்து விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்தி நிற்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

அளவு அவ்வளவு முக்கியமா? 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. கால்பங்கு குறைவாக உண்டவை சராசரியாக 13 ஆண்டு வாழ்ந்தன. மற்றவை 11.2 ஆண்டு. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

சோறு கெட்டதா?

இல்லை. மனிதனோடு வாழ்ந்த நாய், மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட அதிகமாகப் பெற்றிருப்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நம் நாட்டு நாய் இனமான தெலோமியனையே பாருங்கள். பகாங் காட்டில் பூர்வகுடி மக்களோடு வாழ்ந்த இந்த நாயை 1963-இல் ஓர்வில் எலியட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். மரவள்ளி அதன் உணவு. ஆனால் கூடவே மீனும் பழமும் இருந்தன.

வெறும் சோறுதான் போதாது. 980 கலோரிக்கு 750 கிராம் சோறு போட்டாலும் கிடைக்கும் புரதம் 20 கிராம்தான். தேவை 44 கிராம். சுண்ணாம்புச் சத்து தேவையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வீட்டில் சமைத்தே போடுவதென்றால் தோலில்லாக் கோழி, மீன், முட்டை, பூசணி ஆகியவற்றை உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவையுங்கள். சுண்ணாம்புக்கும் தாதுக்களுக்கும் எதை, எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பையில் பார்க்க வேண்டியவை

'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்' என்ற வரி இருக்கிறதா? குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா? ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடு புரதம், 5.5 விழுக்காடு கொழுப்பு, குட்டிக்கு 22.5-உம் 8.5-உம். கலோரி அளவும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். கடைகளில் பிளாஸ்டிக் பையில் நிறுத்துக் கொடுக்கும் உதிரி உணவு மலிவுதான், ஆனால் இவை எதுவும் அதில் இருக்காது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். வாங்கியதை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். புது உணவுக்கு மாறும்போது ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

சமைத்த எலும்பு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட், சைலிட்டால் கலந்த சூயிங்கம் ஆகியவை அறவே வேண்டாம்.

பாட்டியின் கேள்வி

எங்கள் வீட்டில் கடினமான வேலை கணக்கு அல்ல, பாட்டிதான். "பச்சப் புள்ள மாதிரி மூஞ்சியப் பாக்குது, எப்படிய்யா குடுக்காம இருக்கறது?" என்று கேட்டார். பசியாறும்போது அவர் தினமும் ஒரு ரொட்டி சானாய் கிள்ளிப் போடுவது அப்போதுதான் தெரிந்தது. ஒரு ரொட்டி சுமார் 300 கலோரி. மணியின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொசுறெல்லாம் சேர்த்து நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். இப்போது காலையில் மணியின் உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பாட்டியின் கிண்ணத்தில் வைத்துவிடுகிறோம். அதை அவர் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார். மணிக்கு ரொட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாட்டி கையால் வந்தால் சரி.

ஆறு மாதத்தில் மணி 19 கிலோவுக்கு வந்துவிட்டான். இந்தத் தீபாவளிக்கும் குழம்பு மிஞ்சும். அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.