இத்தாலியில் யப்பானிய உணவு

தம் உணவின் மரபைப் பிறர் திரித்தலைப் பொறாத மக்களுள் இத்தாலியர் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அத்தகையோர் வாழும் மிலான், உரோமை முதலிய நகரங்களில், யப்பானியரின் சுஷி இன்று அயற்பண்டமென வியக்கப்படாத அளவிற்குப் பரவியுள்ளது. இதனைப் புதுமை மோகம் என்று கூறி அமைவோர் உளர். அது முழு விடையாகாது.

இரு நாட்டுச் சமையலும் நா அளவில் உறவுடையன. சில பொருள்களையே கொண்டு, அவற்றின் இயற்சுவை கெடாது சமைப்பதே இரண்டிற்கும் பொதுவான நெறி. தோக்கியோப் பல்கலைக்கழக அறிஞர் இக்கேடா 1908ஆம் ஆண்டில், கொம்பு எனப்படும் கடற்பாசியின் சாற்றிலிருந்து குளுற்றமேற்று என்னும் பொருளைப் பிரித்து, அது தரும் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். நன்கு முதிர்ந்த பார்மாப் பாற்கட்டியிலும் பழுத்த தக்காளியிலும் செறிந்திருப்பது அப்பொருளே. ஆகவே, பெயரறியாதிருந்தும் இத்தாலியர் அச்சுவையை நெடுங்காலம் நுகர்ந்தே வந்தனர் என்க. சோறும் அவர்க்குப் புதிதன்று. போ ஆற்றுச் சமவெளியில் வெர்செல்லி, நொவாரா, பவீயா ஆகிய பகுதிகளில் விளையும் நெல்லாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலியாயிற்று. அங்கு விளையும் செலேனியோ என்னும் குறுமணி அரிசி சுஷிக்கும் பயன்படுகின்றது. பச்சை மீனை எண்ணி அருவருத்தனரோ எனின், தெற்கே பாரி நகரக் கடற்கரையிற் கணவாயையும் கடல்முள்ளெலியையும் பச்சையாக உண்ணும் வழக்கம் பழையது.

நிலம் இவ்வாறு பண்பட்டிருந்தும், விதைத்தவர் பெரும்பாலும் யப்பானியரல்லர். சீனத்துச் செசியாங் மாகாணத்திலிருந்து குடியேறியோர் இத்தாலியிற் சீன உணவகங்கள் நடத்திவந்தனர். 2003ஆம் ஆண்டிற் சார்ஸ் நோயச்சம் பரவியபோது அவற்றை நாடுவோர் குறைந்தனர். பின்னர் அவருட் பலர் யப்பானிய உணவிற்கு மாறினர். குறித்த ஒரு தொகை கொடுத்தோர் வேண்டுமளவு உண்ணலாம் என்னும் ஏற்பாடு இளைஞரையும் குடும்பங்களையும் ஈர்த்தது. (வயிறு நிறைந்து பை மெலியாத உணவிற்குப் பரிந்துரை வேண்டியதில்லை!) மலிவான கடைகள் மட்டுமே இவ்வழி வந்தன என்பதும் பொருந்தாது. சீன வழிவந்த ஒருவர் 2007இல் மிலானில் நிறுவிய ‘இயோ’ என்னும் உணவகம், மிஷெலின் கையேட்டின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் விண்மீன் சிறப்புப் பெற்றது.

இவ்வாறு பரவியது யப்பானிய உணவு தானா என்பதே வினா. வெளிநாடுகளிலுள்ள யப்பானிய உணவகங்களுக்குத் தரச்சான்று வழங்க யப்பானிய அரசு 2006இல் எண்ணியபோது, ‘சுஷிப் பொலிசு’ என்ற எள்ளலே எழுந்தது. 2013இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட ‘வாஷொக்கு’, பருவத்திற்கேற்ற காய்கறி, சாறு, ஊறுகாய், புத்தாண்டு உணவு எனப் பலவற்றையும் அளாவியது. சுஷி அதன் ஒரு கூறு மாத்திரமே. 2015இல் மிலானில் நடந்த உலகப் பொருட்காட்சியில் யப்பானிய மண்டபத்தைக் காண மக்கள் பல மணிநேரம் நிரையில் நின்றனர். அம்மண்டபம் காட்டிய விரிவு அங்காடிச் சுஷியிற் காணப்படுவதில்லை. அங்கே நோர்வே நாட்டுச் சல்மன் மீனும் மென்பாற்கட்டியும் சோற்றினுட் சுருட்டப்படுகின்றன. கார்பொனாராவிற் பாலேடு கலத்தலைக் குற்றமெனக் கடியும் அதே இத்தாலியர், இதனை முகஞ்சுளியாது உண்கின்றனர்.