பரிசில் வேறு, சம்பளம் வேறு

அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 206-ஆம் பாட்டாக உள்ளது. இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுகிறார். கோடரி ஏந்திய தச்சன் மக்களுக்குக் காடெங்கும் மரம் கிடைப்பதுபோல், கலை வல்லார்க்குச் செல்லும் திசையெல்லாம் உணவு உண்டு என்பது அவர் துணிவு. பரிசில் வள்ளல் விரும்பித் தருவது. அது தாமதித்தால் வேறிடம் செல்வதே புலவர்க்குரிய வழி.

சம்பளம் அத்தகையதன்று. உழைப்பு முடிந்ததும் அது முதலாளி பட்ட கடனாகிவிடுகிறது. சிங்கப்பூரில் 1968-இல் இயற்றப்பட்ட வேலை நியமனச் சட்டம் அக்கடனுக்குத் தவணை விதிக்கிறது. மாதம் ஒரு முறையேனும் சம்பளம் தரவேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் அது கைக்கு வரவேண்டும். மிகைநேரச் சம்பளத்துக்கு 14 நாள் தவணை. தவறினால் ஒப்பந்தத்தை முறித்தவர் முதலாளியே என்று சட்டம் கொள்ளும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஒப்பந்தம் முறிந்ததெனில் தொழிலாளி விலகிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் வந்த இக்காலத் தச்சனுக்கு அஃது எளிதன்று. அச்சீட்டு ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டது. விலகினால் வருவாய் நிற்கும். ஊரில் பட்ட கடன் நிற்காது. லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையில், வேலையிழந்து முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்த ஊழியர்க்கு இலவச உணவளிக்கும் பணி 2008-இல் தொடங்கிற்று. கைத்தொழில் அறிந்தவர்க்கு எங்கும் சோறு என்னும் துணிவு அவர்க்கு வாய்க்கவில்லை.

ஆகவே முறையீடே அவர்க்குரிய வழி. முதலில் முத்தரப்புக் கூட்டணியின் சச்சரவுத் தீர்வு அமைப்பில் கோரிக்கையைப் பதியவேண்டும். அங்கே சமரசப் பேச்சு நடைபெறும். உடன்பாடு ஏற்படாவிடில், 2017 ஏப்ரலில் அமைந்த வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு வழக்குச் செல்லும். அங்கு வழக்கறிஞர் வாதிட இடமில்லை. கோரக்கூடிய தொகை 20,000 வெள்ளி வரை. தொழிற்சங்கத்தின் துணையோடு வந்தால் 30,000 வரை.

முதலாளிக்குத் தவணை இருப்பதுபோல் தொழிலாளிக்கும் ஒன்று உண்டு. வேலையில் இருப்பவர் சம்பளம் தவறிய ஓராண்டுக்குள்ளும், விலகியவர் கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதத்துக்குள்ளும் கோரிக்கையைப் பதியவேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்னும் சொல்லை நம்பிக் காத்திருப்பவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. அதைக் கேட்கும் உரிமையையும் இழக்கக்கூடும்.

வேலைக்காகத் தொழிலாளி கைப்பணத்தில் செய்த செலவு வேறு வகை. அதை ஈடுசெய்யும் தொகையைச் சட்டம் சம்பளமாகக் கொள்வதில்லை. 7 நாள் தவணையும் அதற்கில்லை. ஒப்பந்தத்தில் கண்டதே ஆதாரம். எனவே செலவுக்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெறுவதும், ரசீதைப் பேணுவதும் இன்றியமையாதன.

சம்பளச் சீட்டு தருவது 2016 முதல் முதலாளியின் கடமை. அதனோடு, வேலைக்குச் சென்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் தொழிலாளி தானும் அன்றன்று, தமிழிலேனும், குறித்துவைத்தல் நன்று. ஔவையாரின் குறை தீர ஒரு பாட்டு வேண்டியிருந்தது. தொழிலாளிக்கு வேண்டுவது தேதியிட்ட ஒரு குறிப்பேடு.