கணினி காட்டாத பிழை

புத்தளத்தில் சதுரங்கப் போட்டி முடிந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே, தோற்ற ஆட்டத்தைப் போனில் ஏற்றிப் பார்த்துவிடலாம். ஸ்டொக்ஃபிஷ் போன்ற கணினி நிரல் எந்த நகர்வில் ஆட்டம் கைநழுவியது என்று நொடியில் காட்டிவிடும். அந்த நகர்வை ஏன் ஆடினோம் என்பதை மட்டும் அது சொல்லாது. எனக்கென்னவோ, படிக்க வேண்டியது அந்த 'ஏன்'தான்.

மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியொட், பெர்னாண்ட் கோபே ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தொட்டது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் கொடுத்தார்கள். அதில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வெற்றி வழி இருந்தது. அதைவிடக் குறுகிய வழியொன்றும் இருந்தது. பழகிய வழியைக் கண்டவர்கள், "வேறு வழி தேடுகிறோம்" என்றார்கள். கண்ணசைவைப் பதிந்த கருவியோ வேறு கதை சொன்னது: பார்வை முதல் வழிக்குரிய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடுவதாக உண்மையாகவே நம்பினார்கள்.

உலகச் சாம்பியன் போட்டியிலும் இதற்கு நெருங்கியது நடந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் 55ஆவது நகர்வில் கோட்டையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டால் காலாள் முடிவாட்டம் தோல்வி என்பதை அவர் கவனிக்கவில்லை. எதிரே ஆடிய சென்னையின் 18 வயது குகேஷும் அதை உடனே காணவில்லை. வேறு நகர்வை ஆடப்போன பிறகுதான் டிங்கின் மந்திரி மூலையில் சிக்குவதைப் பார்த்ததாகப் பின்னர் சொன்னார். கணினிக்கு முன் தானே யோசிக்கப் பழகியவர் குகேஷ்; அவருடைய அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2019இல் குகேஷ் கிராண்ட்மாஸ்டராகும் காலம்வரை கணினியைப் பெரும்பாலும் தள்ளியே வைத்திருந்தார்.

அந்த 'ஏன்'ஐப் பிடிக்க வழி சுலபம், சோம்பல்தான் தடை. நகர்வு எழுதிய தாளின் ஓரத்தில், அன்றிரவே, ஞாபகம் ஆறுமுன், நினைத்ததை எழுத வேண்டும்: எதற்குப் பயந்தேன், எந்த எதிர் நகர்வைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம். எதிராளியிடமும் கேட்கலாம், நீங்கள் பயந்த தாக்குதல் அவர் மனதிலேயே இருந்திராது. கணினி அதற்குப் பிறகு வரட்டும். சோவியத் சாம்பியன் பொட்வின்னிக் இன்னும் ஒருபடி மேலே போய், ஆட்டக்காரர்கள் தங்கள் ஆய்வுகளை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்றார், மற்றவர்கள் அதில் ஓட்டை கண்டுபிடிக்கட்டும் என்று.