மங்கும் லிட்மஸ் தாளும்

ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால் அந்த விளையாட்டைச் சொல்வார்கள். பால்மரத்து விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் ‘சுர்’ரென்று வைத்துவிட்டு ஓடுவது. உராய்வு வெப்பம் தரும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தோலே சொல்லிக் கொடுத்தது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பால் ஆலைத் தொட்டியில் பார்மிக் அமிலம் கலந்ததும் உறைந்து கட்டியாவதை அது பார்த்திருக்கும். மழை பெய்தால் பால்வெட்டு ஏன் இல்லை என்று கேட்டால், ஈரப்பட்டையில் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகிவிடும் என்று காரணமும் சொல்லும்.

அன்றைய தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குள் வந்தால் இவை எதுவும் பாடமில்லை. ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு, பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர். தாவரத்துக்கு வேண்டியவை நீர், காற்று, சூரிய ஒளி என்று எல்லாரும் சேர்ந்து ஒப்புவித்தால் பாடம் முடிந்தது. சன்னலுக்கு வெளியே ஆயிரம் மரம் நின்றாலும் அவை பாடத்துக்குள் வரவில்லை.

1983இல் நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வந்தது. அதில் மேல்வகுப்புகளுக்கு ‘ஆலாம் டான் மனுசியா’, அதாவது இயற்கையும் மனிதனும், என்றொரு பாடம். அறிவியல், சுகாதாரம், வரலாறு, புவியியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தன. 1990களின் நடுவில் அறிவியல் தனிப்பாடமாகப் பிரிந்து, 1997இல் ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வுக்குள்ளும் நுழைந்தது. அதன்பிறகு பெற்றோர் அதற்கும் தேடிப்பிடித்து டியூஷன் வைத்தார்கள்.

தேர்வு ஒரு நல்லதைச் செய்தது. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று பத்து வயதுப் பிள்ளை சரளமாகப் பேசத் தொடங்கியது. ஆனால் அதையும் மனப்பாடமாக்கினோம். கேள்வியில் முதலில் வருவது இந்த மாறி, அடுத்து வருவது அந்த மாறி என்று சூத்திரம் சொல்லிக்கொடுத்த பயிற்சிநூல்கள் எத்தனை! ஊகிப்பதற்குக்கூட விடைப்பட்டியல் இருந்தது. ஒப்புவிக்கும் வரிகள் மாறின, ஒப்புவிப்பது மாறவில்லை.

இடையில் பாடமொழியும் மாறியது. 2003இல் முதலாம் ஆண்டிலிருந்து அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தது. 2011இல் புதிய கலைத்திட்டத்தோடு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மீண்டும் தமிழில் படித்தார்கள். 2016இல் இவற்றை ஆங்கிலத்திலும் கற்பிக்க இடம்தரும் இருமொழித் திட்டம் வந்ததும் விவாதம் மறுபடி கிளம்பியது, இன்னும் ஓயவில்லை.

இதற்குள் பள்ளிக்கூடங்களைச் சுற்றியிருந்த இடமே மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் தாமான் வந்தது. ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் ‘தோட்டம்’ என்ற பெயரோடுதான் இருக்கிறது. சுற்றிலும் இருப்பது வீடமைப்புப் பகுதி.

இப்போதைய முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்றைப் பாருங்கள். தலைப்பு, நீரை உறிஞ்சும் பொருள்கள். மேசையில் ஒரு துண்டு டிஷ்யூ, பழைய டீசட்டைத் துணி, நெகிழித் தாள், ஒரு குவளை நீர். ஒவ்வொன்றையும் நனைத்து, பிழிந்து, வந்த நீரை அளக்க வேண்டும். டிஷ்யூ கையிலேயே கூழாகிவிட, “டீச்சர், இதைப் பிழிய முடியலையே, எப்படி அளக்கறது?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் அங்கேதான் தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டில் எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாளை முக்கிச் சிவப்பாவதைப் பார்க்கிறார்கள். அமிலம் அன்று ஆலைத் தொட்டியில் இருந்தது, பேர் தெரியாது. இன்று பேர் தெரியும், தொட்டியைக் கண்டதில்லை.

ஆனால் பாடம் வேறு உருவில் வாசலுக்கு வந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுக்காற்றால் பிள்ளைகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. தூய்மைக்கேடு என்ற பாடத்துக்கு அந்த வட்டாரத்துப் பிள்ளைக்குப் படம் தேவைப்படாது.

2021இல் யூபிஎஸ்ஆர் ஒழிக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு வலுப்பெற்றது. 2027 கலைத்திட்டத்தில் ‘ஆலாம் டான் மனுசியா’ என்ற அதே பெயர் திரும்புகிறது. இம்முறை அறிவியலோடு சுகாதாரம், கலை, தொழில்நுட்பம் சேர்கின்றன. பெயர் பழசா புதுசா என்பது பெரிய விஷயமில்லை. தேர்வின் அவசரம் தணிந்திருக்கும் இந்த வேளையில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்பதற்கு முன்னால், இன்றைக்கு டீச்சரிடம் என்ன கேட்டாய் என்று விசாரிக்கலாம்.