யப்பானிய அடுக்களையிற் சில மணி நேரம்

வெளிநாடு சென்று மீள்பவரிடம், "அங்கே என்ன கண்டீர்?" என்று வினவுவது உலக வழக்கம். "அங்கே என்ன செய்தீர்?" என்று வினவுவார் அரியர். கோயிலையும் கோட்டையையும் கடைத்தெருவையும் கண்டு, படமும் பிடித்துக்கொண்டு திரும்புவதோடு பெரும்பாலார் பிரயாணம் முடிந்துவிடுகின்றது. அண்மைக் காலத்திற் பிரயாணிகளுட் சிலர் இவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, தாம் சென்ற நாட்டின் அடுக்களைக்குள்ளேயே நுழைந்து, அகப்பையைக் கையிலெடுத்து, அந்நாட்டார் உணவைத் தம் கையாற் சமைத்துப் பழகத் தொடங்கியுள்ளனர். யப்பானிலே தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா முதலிய நகரங்களில் இதற்கென்றே வகுப்புக்கள் நடைபெறுகின்றன. அங்கே கற்பிக்கப்படுவது யாது, நம்மவர் செல்வாராயின் எதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பனவே இங்கு விளக்கப்படுகின்றன.

நேயர்கள் பெரியகல்லாற்றுத் தாயார் ஒருவரை மனத்திற் கொள்க. கிழக்கே வங்கக்கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணல் நிலத்திலே அமைந்த ஊர் பெரியகல்லாறு. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். சோற்றுக்கு நெல்லும், கறிக்குக் கடல்மீனும் வாவி இறாலும் கூப்பிடு தொலைவிற் கிடைக்கும் ஊரிற் பிறந்தவருக்கு உணவைப்பற்றிப் பிறர் கற்பிக்க வேண்டுவது சிறிதே. அவருடைய மகன் தொழிலின் நிமித்தம் யப்பான் சென்றிருக்கின்றான் என்றும், அவனோடு சில வாரம் தங்கச் சென்ற தாயாரை ஒரு முற்பகல் இத்தகைய வகுப்பிலே சேர்த்துவிடுகின்றான் என்றும் வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு சமைத்தவருக்குச் சமையல் வகுப்பா என்று அவர் சிரிப்பாராயின் அதனைத் தவறென்று கூறுதற்கில்லை.

வகுப்பு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நடைபெறும். கட்டணம் சில ஆயிரம் யென். ஒரு வகுப்பிற் சிலரே இருப்பர். சில வகுப்புக்கள் ஆசிரியையின் சொந்த வீட்டு அடுக்களையிலேயே நிகழும். காலணியை வாயிலிற் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். இவ்வொன்றிலேனும் நம் தாயாருக்குப் புதுமை தோன்றாது. மொழி ஓரளவு தடையே. ஆயினும் ஆசிரியையின் கையை மாணவியின் கண் தொடர, மாணவியின் கை அதனைப் பின்பற்ற, பாடம் முன்னேறும். நம் வீடுகளிலும் தாயின் அருகில் நின்ற மகள் இவ்வாறன்றோ கற்றாள்?

முதற்பாடம் சோறு. யப்பானியர் அரிசி குறுகி உருண்டது. வெந்தபின் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்புடையது. அதனை அளக்கும் சிறு கிண்ணம் 180 மில்லிலீற்றர் கொள்ளும். நம் ஊரிலே சுண்டு எவ்வாறோ அவ்வாறு அங்கே அக்கிண்ணம். அரிசியை மூன்று நான்கு தடவை நீர் மாற்றிக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, அளந்த நீரில் வேகவிடுவர். கஞ்சி வடிக்கும் வழக்கம் இல்லை. நீர் முழுவதும் அரிசியுள்ளே சென்றபின், அடுப்பை அணைத்து, மூடியைத் திறவாமற் பத்து நிமிடம் விட்டுவிடுவர். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கமுடைய நம்மவர் கைக்கு இப்பத்து நிமிடமே பெருஞ்சோதனை.

எள்ளை வறுத்து அரைப்பதற்கு அங்கே சுரிபாச்சி என்னும் மண்பாத்திரம் ஒன்று உண்டு. அதன் உட்புறம் முழுவதும் வரிவரியாகக் கீறப்பட்டிருக்கும். அதனைக் கண்டவுடன் நம் தாயார் "அரிக்கன் சட்டி!" என்று கூறிவிடுவார் என்பது உறுதி. கல் நீக்கி அரிசி அரிக்க நாம் வரியிட்டோம். எள் அரைக்க அவர் வரியிட்டனர்.

இனி, வகுப்பின் உயிர்நிலையாகிய பாடத்துக்கு வருவோம். அது தஷி எனப்படும் சாறு. யப்பானியர் சமையலில் நம் சமையலைப்போன்று மிளகாயும் மல்லியும் சீரகமும் முன்னின்று பேசுவதில்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. அவற்றின் இடத்தில், அடியிலே அமைதியாக நின்று எல்லாவற்றையும் தாங்குவது இந்தத் தஷியே. குழம்பு, அவித்த மரக்கறி, முட்டை யாவற்றுக்கும் அதுவே அடிப்படை. அதற்கு வேண்டுவன இரண்டு பொருள்கள். ஒன்று, கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசி. (பெயரைக் கேட்டு மாட்டுக்கொம்பென்று எவரும் மயங்கற்க.) மற்றொன்று, கட்சுவோபுசி என்னும் உலர்மீன்.

செய்முறை எளிது, பொறுமை அரிது. ஏறத்தாழப் பத்துக் கிராம் கொம்பை ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, ஒரு லீற்றர் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தல் வேண்டும். மேலே படிந்துள்ள வெண்பொடி அழுக்கன்று. சுவையில் ஒரு பகுதி அதிலே உள்ளதாதலால் அதனைக் கழுவிவிடுதல் கூடாது. பின்னர் மெல்லிய தீயில் வைத்து, நீர் கொதிக்கத் தொடங்கும் தறுவாயிற் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கும். அதன்பின் மெல்லிய சீவல்களாக்கிய உலர்மீனை இருபது முப்பது கிராம் அளவில் இட்டு, தீயை நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் துணியில் வடித்தல் வேண்டும். சக்கையைப் பிழிதல் ஆகாது. நம் தாயாரின் கை பிழிவதற்கே விரையும். தேங்காய்ப்பூவைப் பிழிந்து பழகிய கை அது. ஆசிரியை அக்கையைப் பற்றி நிறுத்துவார். இவ்வொரு தடையைப் புத்தகத்தைப் படித்து உணர்தல் இயலாது. கையாற் செய்து கற்கும் வகுப்பின் பயன் இத்தகைய இடத்திலேதான் தெரிகின்றது.

ஆசிரியை உலர்மீன் கட்டியொன்றை எடுத்துக் காட்டுவார். மரக்கட்டையைப்போலக் கடினமானது; ஒன்றோடொன்று தட்டினால் ஓசை எழும். தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டியிற் பொருத்தியது போன்ற கருவியில் அதனைச் சீவுவர். அதனை முகர்ந்து பார்த்த பெரியகல்லாற்றுத் தாயார், "இது நம்முடைய மாசியல்லவா!" என்று கூறுவார். அவர் கூறுவது பெரும்பாலும் உண்மை.

கட்சுவோபுசி ஆகும் மீனும் மாசி ஆகும் மீனும் ஒன்றே. சூரையினத்தைச் சேர்ந்த அம்மீன் வெப்பக் கடல்களிற் பெருங்கூட்டமாகத் திரிவது. மாலைதீவார் அதனை வகிர்ந்து, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவர். மாலைதீவு மொழியில் 'மஸ்' என்பது மீனைக் குறிக்கும் சொல். 14 ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளிற் காதியாராகப் பணியாற்றிய இபின் பதூதா என்னும் யாத்திரிகர், மீனை அவித்துப் புகையூட்டும் இம்முறையையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாவதையும் எழுதி வைத்துள்ளார். அவரே 1344 இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டவர். யப்பானியரும் அதே மீனை அவித்து, முள் நீக்கி, பல நாள் புகையூட்டுவர். ஆனால் அதனோடு நில்லார். உயர்ந்த வகைக்கு ஒருவகை நற்பூஞ்சணத்தை மேலே படரவிட்டு, வெயிலிலிட்டு, மீண்டும் படரவிட்டு, இவ்வாறு மாதக்கணக்கில் வைத்து எஞ்சிய ஈரத்தையும் போக்குவர். மாசியிற் புகைமணமும் உப்பும் மிகுதி. கட்சுவோபுசியில் அவை அடங்கி, நுண்சுவை மேலோங்கும். நாம் அதனை உரலில் இடித்துச் சம்பலோடு உண்கின்றோம். அவர் சீவிச் சாறெடுத்துச் சக்கையை ஒதுக்குகின்றனர்.

இச்சுவையின் காரணத்தை ஆராய்ந்தோரும் யப்பானியரே. 1908 இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் இகெதா கிகுனாயே, கொம்பின் சாற்றிலிருந்து குளுட்டமிக்கமிலம் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு ஆகியவற்றுள் அடங்காத அச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே அஜினோமோட்டோ கடைக்கு வந்தது. அவருடைய மாணாக்கர் கொதாமா சிந்தாரோ 1913 இல் உலர்மீனின் சுவைக்குக் காரணம் இனோசினேற்று எனக் கண்டார். குனினாக்கா அகிரா 1950 களின் பிற்பகுதியிற் செய்த ஆராய்ச்சியால், இவ்விருவகைப் பொருளும் ஒன்றுசேரின் சுவை கூட்டற்கணக்கில் அன்றிப் பன்மடங்காக உயரும் என்பது விளங்கிற்று. தக்காளியிலே குளுட்டமேற்று உண்டு. மாசியிலே இனோசினேற்று உண்டு. தக்காளிக் குழம்பில் ஒரு சிட்டிகை மாசித்தூள் இட்டவுடன் அதன் சுவை மாறுவது ஏன் என்று கல்லாற்று அடுக்களையிற் கேட்டிருந்தால், "அது அப்படித்தான்" என்பதே விடையாக இருந்திருக்கும். விடை குறைவாயினும் செய்கையிற் குறைவில்லை.

இவ்விடத்திற் சைவ உணவினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை அறியாமற் சென்று வருந்தியோர் பலர். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி போன்ற விரத நாட்களிலும் மச்சம் நீக்குவோர் நம்மிடையே பலர். "மீன் வேண்டா, இறைச்சி வேண்டா" என்று யப்பானிற் கூறினால், மீன்துண்டையும் இறைச்சித்துண்டையும் நீக்கிவிட்டு உணவு படைப்பர். ஆனால் மிசோக் குழம்பில், அவித்த கத்தரிக்காயில், சோயாக் கட்டிமேல் ஊற்றிய சாற்றில், எங்கும் கட்சுவோபுசி கண்ணுக்குப் புலப்படாமற் கரைந்திருக்கும். படைப்பவர் வஞ்சகர் அல்லர். அவர் எண்ணத்தில் தஷி என்பது மீன் அன்று. அது வெறும் சாறு. ஆகவே வகுப்பிற் சேரும்போதே, "மீனால் ஆக்கிய தஷியும் ஆகாது" என்று தெளிவாக எழுத்திலே தெரிவித்தல் வேண்டும். கடையில் விற்கும் தஷித்தூளுக்கும் இது பொருந்தும். மாற்றுவழியும் யப்பானியரிடமே உண்டு. புத்த மடங்களிலே பயின்றுவரும் சோஜின் ரியோரி என்னும் உணவுமுறையில் மீனும் இறைச்சியும் இல்லை. வெங்காயமும் உள்ளியும் கூட நீக்கப்படும். கொம்பும் உலர்ந்த சியித்தாக்கேக் காளானும் ஊறிய நீரே அங்குத் தஷி. கியோத்தோவில் இம்முறையைக் கற்பிக்கும் வகுப்புக்களும் உள. முஸ்லிம் நேயர்கள் மிரின் என்னும் இனிப்புத் திரவத்தைப்பற்றிக் கேட்டறிதல் நன்று. உண்மையான மிரினில் நூற்றுக்கு 14 பங்கு அளவில் மதுசாரம் உண்டு. பல கறிகளில் அது சேர்க்கப்படும்.

முட்டைச் சுருள் செய்யும் பாடத்தில் யாவரும் சிரிப்பது வழக்கம். நாற்சதுரத் தட்டில் மெல்லிய படையாக முட்டையை ஊற்றி, குச்சியாற் சுருட்டி, மீண்டும் ஊற்றி, மீண்டும் சுருட்ட வேண்டும். முதற் சுருள் எவருக்கும் கிழியும்.

இத்தகைய வகுப்புக்கள் பிரயாணிகளுக்காக நேற்றுத் தோன்றியன அல்ல. 1882 இலேயே தோக்கியோவின் நிகொன்பாசிப் பகுதியில் அக்காபோரி குடும்பத்தார் வீட்டுப் பெண்களுக்கெனச் சமையற் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். நாளடைவிற் பாடசாலைப் பாடத்திட்டத்திலும் இக்கல்வி இடம்பெற்றது. 1993 இல் இடைநிலைப் பாடசாலையிலும் 1994 இல் உயர்நிலைப் பாடசாலையிலும் மனைப்பொருளியலை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒருங்கு கற்றல் வேண்டுமென்பது நடைமுறைக்கு வந்தது. 2005 இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டமும் இயற்றினர். 2013 இல் யப்பானியரின் மரபுணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலிற் சேர்ந்தது. நம் பாடசாலைகளிலோ மனைப்பொருளியல் வகுப்பில் ஆண் பிள்ளையைக் காண்பது அரிது. தாயிடம் கேட்டறியாது பிறநாடு செல்லும் மகன், அங்கே சம்பல் இடிக்கத் தெரியாமல் ஊருக்குத் தொலைபேசி எடுக்கின்றான்.

தமிழர்க்கும் யப்பானியர்க்கும் மொழியுறவே உண்டென்று பேராசிரியர் ஓனோ சுசுமு நெடுங்காலம் வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணியும் அவ்வாராய்ச்சியில் அவரோடு உழைத்தனர். மொழியியலாளர் பலர் அக்கொள்கையை ஏற்றிலர். அது எவ்வாறாயினும், சனவரி 15 ஆம் நாள், நம் பொங்கலை அடுத்து, யப்பானியர் செம்பயறு இட்டுக் கஞ்சி காய்ச்சுவர் என்பது மெய்.

வகுப்பின் இறுதியில் ஒனிகிரி. கையை நனைத்து, உப்பைத் தடவி, சூடான சோற்றை உள்ளங்கையில் ஏந்தி முக்கோணமாகத் திரட்டுதல். அழுத்தம் மிகின் கட்டியாகும், குறையின் உதிரும். பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் குழையல்சோறு திரட்டிக் கொடுத்த கை இதனை முதல் முறையிலேயே செய்துவிடும். முட்டைச் சுருளிலே தோற்ற தாயார் இங்கே வகுப்பில் முதல்வராவார். ஆசிரியையும் வியந்து நிற்பார்.

ஊர் மீண்டபின் கொம்பு கிடைத்தல் அரிது. உலர்ந்த கட்டொன்றை உடன் கொணர்ந்தால் ஈரம்படாமற் பலமாதம் வைத்திருக்கலாம். கட்சுவோபுசிக்கு மாற்றாக மாசியைச் சிறு சிராய்களாக உடைத்து இட்டுப் பார்க்கலாம். அது தடித்திருத்தலின் ஒன்றிரண்டு நிமிடத்திற்குப் பதிலாக ஐந்து நிமிடமேனும் ஊறல் வேண்டும். மாசியிலேயே உப்பு உண்டாதலால், சாற்றைச் சுவைத்துப் பார்க்குமுன் உப்பிடுதல் வேண்டா.